வலது இருக்கை யாருக்கு

எய்யா,

நலமா என்று கேட்டு எழுதுகிற தூரத்தில் நீ இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, போனில் யாரிடமோ ஞாயிற்றுக்கிழமைக் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று பேசிக்கொண்டிருக்கிறாய். எட்டிக் கூப்பிட்டால் வந்துவிடுவாய். ஆனாலும் எழுதுகிறேன். வாயால் சொன்னால் பாதியிலேயே நீ "ஷார்ட்டா சொல்லும்மா" என்பாய், நானும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். எட்டாவதோடு தமிழை விட்டவன் நீ. இதை எழுத்துக் கூட்டித்தான் படித்தாக வேண்டும். கூட்டிப் படி. இந்த ஒரு தடவையாவது உன்னால் என்னிடம் அவசரப்பட முடியாது.

தமிழில் எழுத இன்னொரு காரணமும் உண்டு. ஜஸ்லீனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நம் வீட்டுக் கராஜுக்குள் வந்தாள், என் அடுப்படிக்குள் வந்தாள், விமானத்தின் வால் வரைக்கும் ஊர்ந்து போனாள். இந்தக் கடிதத்துக்குள் மட்டும் அவளால் வர முடியாது. இப்படி எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதியதும் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் நீ அவளைக் கல்யாணம் செய்துகொண்டு குருகிராம் ஃப்ளாட்டுக்குக் குடி போகிறாய், அதில் எனக்கு வருத்தமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை, நம் வீட்டில் நீ கட்டிய விமானத்தில் முதன்முதலாக ஒரு ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பறக்கப்போகிறாய். அந்த வலது இருக்கையில் அவள் உட்காரப்போகிறாள். அதில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இந்த எரிச்சல் ஜஸ்லீனோடு ஆரம்பித்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். விமானத்தைத் துண்டு துண்டாகப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள், வீட்டிலேயே கோத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று நீ முதலில் சொன்ன அன்றைக்கு உங்கப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார். "சைக்கிளுக்குக் காத்தடிக்கக் கடைக்குப் போற பய, ஏரோப்ளேன் கட்டுதானாம்" என்றார். அப்புறம், தில்லியில் மந்திரி ஆபீஸில் வேலை பார்த்த மனுஷர் அல்லவா, பர்மிஷன் எல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்றார். இருந்தது. முதல் பெட்டிகள் லாரியில் வந்து இறங்கின. அப்பாவின் கார் கராஜை விட்டுத் தெருவுக்குப் போனது, வேப்பமரத்துக் காக்கைகளுக்கு அது சௌகரியமாகப் போயிற்று. அந்தப் பெட்டிப் பலகையில் நீ அடித்த ஷூ ரேக் இன்றைக்கும் வாசலில் இருக்கிறது.

அன்றிலிருந்து நீ என் பிள்ளையாக இல்லை. ஆபீஸ் கேப்பிலிருந்து இறங்கி, பையைத் தூக்கி என் கையில் திணித்துவிட்டு, நேரே கராஜுக்குப் போவாய். இன்றைக்கு என்ன குழம்பு என்றுகூடக் கேட்க மாட்டாய். நான் வைத்த வத்தக்குழம்பைக் காட்டிலும், நீலப் பிளாஸ்டிக் ஒட்டின அந்தத் தகடுகளில் உனக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கத்தான் முதலில் டீயை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். வந்தவள் போகவில்லை. துளை போட்ட தகட்டின் ஓரத்தில் பிசிறு நிற்கும், அதைக் கையடக்கமான ஒரு கருவியால் சுற்றிச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாய். அதற்கப்புறம் நான் சீரியல் பார்த்ததெல்லாம் மடியில் தகட்டை வைத்துக்கொண்டுதான். வெண்டைக்காய் நறுக்குகிறவள் தகடு சுரண்டுகிறாள் என்று அப்பா போனில் நெல்லைக்குச் செய்தி சொன்னார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உன்னை எடுத்துக்கொண்டு போன சாமானுக்குள்ளேயே நானும் நுழைந்துவிட்டேனே.

இறக்கைகள் வந்த பிறகுதான் உண்மையான வேலை. தகடுகளைச் சேர்த்து இறுக்குகிற ரிவெட் ஆணியை அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று காற்றுத் துப்பாக்கியால் ரிவெட்டின் தலையில் அடிக்க, இன்னொருவர் தகட்டுக்குப் பின்னால் கையை நுழைத்து, ஆணியின் வாலுக்கு நேராக ஒரு கனத்த இரும்புக் கட்டியை அண்டைகொடுத்துப் பிடிக்க வேண்டும். அடி விழ விழ வால் நசுங்கி உள்பக்கம் ஒரு தலையாகிவிடும். கட்டி கொஞ்சம் சாய்ந்தாலும் ரிவெட் கோணிக்கொள்ளும். உன்னோடு சேர்ந்து கட்ட வந்த கூட்டாளி பெங்களூர் போய்விட்டதால் அந்தக் கட்டி என் கைக்கு வந்தது. "அம்மா, ஒரு வாரம் மேனேஜ் பண்ணு, ஆள் பாக்கறேன்" என்றாய். நீ ஆள் பார்க்கவே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

டெலிபோன் எக்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தவள் நான். யார் யாரையோ பேசவைத்துவிட்டு லைனை விட்டு விலகிக்கொள்வதுதான் அங்கே வேலை. கராஜில்தான் லைன் எனக்கே கிடைத்தது. சத்தத்துக்காக இரண்டு பேரும் காதை மூடிக்கொண்டிருப்போம், பேச்சு கேட்காது. அதனால் தட்டித்தான் பேசினோம். நீ அடித்து நிறுத்துவாய். நான் விரலால் தடவிப் பார்த்துவிட்டு இரும்புக் கட்டியால் தட்டுவேன். ஒரு தட்டு என்றால், போதவில்லை, இன்னொரு தடவை அடி. இரண்டு தட்டு என்றால், சரியாகிவிட்டது, அடுத்ததுக்குப் போ. மூன்று தட்டு என்றால், கெட்டுப்போயிற்று, குடைந்து எடுத்துவிடு. இந்த மூன்றே வார்த்தையில் இரண்டு இறக்கையையும் கட்டி முடித்தோம். நீ வளர்ந்த பிறகு என்னோடு அவ்வளவு பேசியதில்லை.

ஒரு சனிக்கிழமை உனக்கு ஞாபகமிருக்கும். ஆபீஸில் என்னவோ நடந்திருந்தது, நீ சொல்லவில்லை. காலையிலிருந்து எதுவும் தின்னாமல் அடித்துக்கொண்டிருந்தாய். தகட்டுக்கு இந்தப் பக்கம் உன் முகம் எனக்குத் தெரியாது, ஆனால் அடி கனமாக வந்தது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்காமல் வந்தது. நான் மூன்று தட்டு தட்டினேன். நீ துப்பாக்கியை வைத்துவிட்டுச் சுற்றி வந்து, டார்ச் அடித்துப் பார்த்தாய்.

"நல்லாத்தானே இருக்கு?"

"ரிவெட்டு நல்லாத்தான் இருக்கு. நீதான் நல்லா இல்ல. வா, வந்து சாப்பிடு."

அன்றைக்கு மோர்க்குழம்பை ஊற்றிக்கொண்டே நீ எல்லாவற்றையும் சொன்னாய். எனக்குப் பாதி புரியவில்லை, யாரோ உன் வேலையைத் தன் வேலை என்று சொல்லிக்கொண்டான் என்பது மட்டும் புரிந்தது. அவனை நாலு வசவு வைதேன். நீ சிரித்தாய். இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், ஜஸ்லீன் வருவதற்கு முன்னால் அங்கே ஒருத்தி இருந்தாள் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம் உடல் பகுதி வந்தது. இறக்கைகளை வரவேற்பறைச் சுவரோரம் சாய்த்து வைத்தோம், பெரிய சோபா வெளியே போயிற்று. விமானத்தின் உடல் முன்னால் அகலமாக இருந்தாலும் வாலுக்குப் போகப் போகக் குறுகிக்கொண்டே போகும். அதற்குள் ஒரு ஆள் படுத்து ஊர்ந்து போய்க் கட்டியைப் பிடிக்க வேண்டும். நீ அந்தப் பொந்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், மறுபடி பொந்தைப் பார்த்தாய். ஜாக்கெட்டுத் துணி பற்றாது என்று சொல்லப்போகிற தையல்காரன் அப்படித்தான் பார்ப்பான். "அம்மா, இதுல நீ நுழைய முடியாது" என்றாய். உண்மைதான். என் முட்டியும் ஒத்துக்கொள்ளாது. உண்மையாக இருந்தால் வலிக்காதா?

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தாள். திலக் நகர்ப் பஞ்சாபிப் பெண், உன் ஆபீஸ் கேப்பில் கூட வருகிறவள், ஏரோப்ளேனைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்றாய். பார்க்க வந்தவள் தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு, பல்லி மாதிரி உள்ளே போய்விட்டாள். நான் டீத் தட்டோடு வெளியே நின்றேன். நீ அடித்தாய். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது. நீ மறுபடி அடித்தாய். ஒரு தட்டு வந்தது. இன்னும் கொஞ்சம் அடித்தாய். இரண்டு தட்டு. நான் கையில் டீயோடு நிற்கிறேன், உள்ளேயிருந்து இன்னொருத்தி என் பாஷையைப் பேசுகிறாள், என் பிள்ளை அவளுக்குப் பதில் சொல்கிறான். அந்த டீ ஆறிப்போனது உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. நான் அதைக் கொண்டுபோய்த் துளசிக்கு ஊற்றிவிட்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் நீ வெளியே போயிருந்தபோது கராஜுக்குள் போனேன். டார்ச்சையும், உள்தலையின் அளவைச் சரிபார்க்கிற அந்தச் சின்னத் தகட்டையும் எடுத்துக்கொண்டு, கை எட்டுகிற மட்டும் உள்ளே விட்டு அவள் பிடித்த ரிவெட்டை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றாவது கோணலாக இருக்கும், உன்னைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று ஆசை. எல்லாம் சரியாக இருந்தது. முதல் நாள் வேலையிலேயே எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு வந்த கோபத்தில், அடுத்த முறை அவள் சாப்பிட உட்கார்ந்தபோது ரசத்தில் மிளகைத் தாராளமாகத் தட்டிப் போட்டேன். மூக்கு சிவக்க, கண்ணில் தண்ணீர் வரக் குடித்துவிட்டு, "மம்மிஜி, ஏக் ஔர் கடோரி?" என்று கிண்ணத்தை நீட்டுகிறாள். இன்னொரு கிண்ணம் கேட்கிறவளை நான் என்ன செய்ய முடியும்? ஊற்றினேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். எனக்கு உயிர் போனது அந்த ஸ்பாஞ்சில்தான். உட்காரும் மெத்தை தைத்த காலம் உனக்கு நினைவிருக்கிறதா? வலது இருக்கையில் என்னை உட்காரவைத்து, பெல்ட்டைப் போட்டுவிட்டு, "முன்னாடி தெரியுதாம்மா?" என்றாய். மீட்டர் பலகைதான் தெரிந்தது. நான் குள்ளம். அதற்காக மெத்தைக்கு அடியில் தனியாக ஒரு ஸ்பாஞ்ச் வெட்டி வைத்தாய். மறுபடி உட்கார்ந்தேன். பலகைக்கு மேலாகக் கராஜ் ஷட்டர் தெரிந்தது, ஷட்டருக்கு அப்பால் தெருவும், அப்பாவின் காரும், அதன்மேல் உட்கார்ந்திருந்த காக்கையும் தெரிந்தது. என் உயரத்துக்கு இருக்கை செய்கிறவன் யாரை உட்காரவைக்கப்போகிறான் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கு மலை மந்திர் முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். என்ன நேர்ந்தேன் என்று சொல்ல மாட்டேன்.

மேலே கண்ணாடிக் கூடு மாட்டிய அன்றைக்கு ஜஸ்லீன் அந்த வலது இருக்கையில் உட்கார்ந்தாள். அவள் உயரம், தலை கூட்டில் இடித்தது. நீ சட்டென்று மெத்தையைத் தூக்கி, என் ஸ்பாஞ்சை உருவிப் போட்டுவிட்டாய். ஒரு நிமிஷ வேலை உனக்கு. அவள்தான் அதைத் தரையிலிருந்து எடுத்து, தூசியைத் தட்டி, என் கையில் கொடுத்து, "ரக் லீஜியே மம்மிஜி, காம் ஆயேகா" என்றாள். வைத்துக்கொள்ளுங்கள், உதவும் என்கிறாள். என் இருக்கையை எடுத்துக்கொண்டு எனக்குப் பஞ்சைக் கொடுக்கிறாள் பார் என்று நினைத்தேன். அலமாரியில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

விமானம் வீட்டை விட்டுப் போன அன்று தெருவே கூடிவிட்டது. கிரேன்காரன் உடலைத் தூக்க, நீ "பையா, தீரே, தீரே", மெல்ல, மெல்ல என்று கத்திக்கொண்டே கூட ஓடினாய். ஜஸ்லீனின் அப்பா லட்டு கொடுத்தார். நான் விபூதி பூசினேன், லாரிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். இத்தனை நாள் சத்தத்தைத் திட்டிக்கொண்டிருந்த மேல்வீட்டு ஆன்ட்டி பால்கனியிலிருந்து, இனிமேல் மத்தியானத்தில் தனக்குத் தூக்கம் எப்படி வரும் என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான்.

ஹரியானாவில் அந்தச் சின்ன விமானத் தளத்தில் எல்லாவற்றையும் மறுபடி பூட்டி, சோதித்து, கையெழுத்தெல்லாம் வாங்கி, நீ தனியாகப் பறந்தாய். சோதனை முடிகிற வரைக்கும் வேறு யாரையும் ஏற்றக் கூடாது என்பதுதான் விதி, அதில் எனக்குக் குறையில்லை. பிறகு, பக்கத்தில் ஆள் இருந்தால் விமானம் எப்படிப் போகும் என்று பார்க்க, வலது இருக்கையில் மணல் மூட்டைகளை வைத்து பெல்ட் போட்டுக் கட்டினாய். நானும் அப்பாவும் வேலிக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். நீ எழும்பிப் போனபோது அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பத் துடைத்தார். நான் இறக்கையைப் பார்த்தேன். என் தோள்பட்டை நோவு முழுக்க அங்கே மேலே போய்க்கொண்டிருந்தது. அப்படியே வலது பக்கம் பார்த்தேன், மூட்டை தெரிந்தது. மணலைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் தில்லியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். இதைச் சொல்லாமல் விட்டால் நீ என்னைப் பொய்க்காரி என்பாய், உங்கப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார். நீ முதலில் என்னைத்தான் கேட்டாய். போன ஞாயிற்றுக்கிழமை காலை, தோசைக்கல் முன்னால் நான் நிற்கிறேன். நீ தட்டோடு வந்து நின்றாய்.

"அம்மா, டெஸ்டிங் ஓவர். நெக்ஸ்ட் சண்டே ஃபர்ஸ்ட் பாசஞ்சர். நீ வாரியா?"

"எனக்கு எதுக்குய்யா இந்த வயசுல? முட்டி வேற வலிக்கு."

"அச்சா. டீக் ஹை. அப்ப ஜஸ்லீனக் கூட்டிட்டுப் போறேன்."

அவ்வளவுதான். கல்லில் தோசை இன்னும் வேகவில்லை, அதற்குள் என் இருக்கை போய்விட்டது. நான் தோசையைத் திருப்பாமல் நின்றேன். நீ அடுத்ததாக வாயைத் திறந்தாய். கேட்கப்போகிறாய் என்று நினைத்தேன். "சட்னி இன்னும் கொஞ்சம்" என்றாய். தோசை கருகியது. அதை நான்தான் தின்றேன்.

எய்யா, நம் ஊரில் யாராவது முதல் தடவை கேட்டதும் சரி என்பார்களா? காப்பி குடிக்கிறீர்களா என்றால் வேண்டாம் என்போம், அது மரியாதை. அட, ஒரு வாய் குடியுங்கள் என்று அவர்கள் சொல்ல வேண்டும், அதுவும் மரியாதை. அதற்கப்புறம் குடிப்போம். ஒரே தடவை கேட்டுவிட்டு டம்ளரை உள்ளே கொண்டுபோகிற வீட்டுக்கு மறுபடி போவோமா? நீ ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் சின்னப் பையனாக இருந்தபோது, பக்கத்து வீட்டில் குலாப் ஜாமூன் நீட்டியதும் இரண்டு கையையும் நீட்டுவாய். நான் கண்ணை உருட்டுவேன். நீ கையை இழுத்துக்கொண்டு "நஹீ ஆன்ட்டி" என்பாய். அவர்கள் விடாமல் திணிப்பார்கள், நீ திரும்பி என்னைப் பார்ப்பாய், நான் தலையாட்டுவேன். வேண்டும்போது ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று ஒரு நாள் கேட்டாய். அப்படித்தான் என்றேன். மறுக்க மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மறுக்கிறவளைத் திரும்பக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்க விட்டுப்போயிற்று. அது தானாக வந்துவிடும் என்று நினைத்தேன்.

உங்கப்பாவிடம் புலம்பினேன். "அவன்தான் கேட்டாம்லா, நீதான வேண்டாம்னே?" என்றார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். நாற்பது வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணின மனுஷருக்கே தெரியவில்லை என்றால் உன்னை என்ன சொல்ல? ஆனாலும் உன்னைத்தான் சொல்வேன். அவர் என்னோடு ஒரு ரிவெட்டுகூட அடித்ததில்லை. தகட்டுக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாமல் நான் தட்டிய தட்டெல்லாம் உனக்குப் புரிந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நின்று தோசைக் கரண்டியோடு நான் சொன்ன ஒரு வேண்டாம் புரியவில்லை.

புதன்கிழமை ஜஸ்லீன் வந்தாள், கல்யாணத்துக்குக் கட்டப்போகிற சேலையைக் கட்டிப் பார்க்க. கொசுவத்தைச் செருகிக்கொண்டிருக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல், "மம்மிஜி, சண்டே கோ ஆப் ஜாயியே" என்றாள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போங்கள் என்கிறாள். வேண்டாம் பேட்டா என்றேன். முந்தானையை மடித்தோம். "மம்மிஜி, ஆப்கா மன் ஹை" என்றாள். உங்களுக்கு ஆசை இருக்கிறது என்கிறாள். இல்லவே இல்லை என்றேன். பின் குத்தி முடித்த பிறகு மறுபடியும் கேட்டாள். தட்டை நான் கையால் மறைத்தாலும் இரண்டாவது பராட்டாவை விரல் இடுக்கில் செருகுகிற வீட்டுப் பெண் அவள். அவர்கள் வீட்டிலும் வேண்டாம் என்றால் இன்னொன்று போடு என்றுதான் அர்த்தமாம். என் வயிற்றில் பிறந்தவன் ஒரு தடவையோடு விட்டான், திலக் நகரில் பிறந்தவள் விடாமல் கேட்கிறாள். அந்த ஸ்பாஞ்சை அவள் ஏன் என் கையில் கொடுத்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேலி செய்ததாக இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவள் அன்றைக்கே பார்த்துவிட்டாள்.

அதற்காக என் பொறாமை குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. கூடித்தான் போயிற்று. உனக்குத் தெரியாத என் மனசு அவளுக்குத் தெரிகிறது, இதைவிட வேறு என்ன வேண்டும் ஒருத்திக்கு வயிறு எரிய? அவள் கேட்ட ஒவ்வொரு தடவையும் நான் நிஜமாகவே மறுத்தேன். அந்த இருக்கை அவள் எனக்குத் தருகிறதாக இருக்கக் கூடாது. "உஸ்கோ போலூம்?" என்று கேட்டாள், அவனிடம் சொல்லட்டுமா என்று. கபர்தார், மூச்சு விடாதே என்றேன். சிரித்துக்கொண்டே வாயில் விரலை வைத்தாள். இதுவரைக்கும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். சொல்லியிருந்தால் நீ இப்படி நிம்மதியாகக் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டாய்.

கல்யாணத்துக்குப் போகிற பிள்ளைக்குத் தாய் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது ரிவெட்டுதான், அதையே சொல்கிறேன். துப்பாக்கி வைத்திருக்கிறவனுக்கு வெளித்தலைதான் தெரியும். அது எப்போதும் வழவழவென்று அழகாகத்தான் இருக்கும். உள்ளே நசுங்கியதா, கோணிற்றா, போதவில்லையா என்பது உள்ளே கையை விட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறவளுக்குத்தான் தெரியும். அவள் தட்டுகிற வரைக்கும் நீ அடுத்ததுக்குப் போகாதே. அதற்காக எல்லா வேண்டாமும் ஒன்று என்றும் நினைக்காதே. கதவைச் சாத்திக்கொண்டு சொல்கிற வேண்டாம் உண்டு, அதைக் கேட்டால் நகர்ந்துவிட வேண்டும். தோசையைத் திருப்பாமல் நின்றுகொண்டு சொல்கிற வேண்டாம் வேறு. எது எது என்று ஜஸ்லீனிடம் கேள், சொல்லிக்கொடுப்பாள். இந்த வரியை எழுதுவதற்குள் என் பேனா இரண்டு தடவை நின்றது.

நான் பயப்படவில்லை என்றும் நினைக்காதே. எனக்கு ராட்சத ராட்டினம் என்றாலே தலை சுற்றும், உனக்குத் தெரியும். ஆனால் அந்த இறக்கை எனக்குத் தெரியும். அதில் எந்த வரிசையில் எந்த ரிவெட்டுக்கு இரண்டு தடவை அடித்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மணல் மூட்டைக்கு அது தெரியாது. ஜஸ்லீனுக்கும் தெரியாது, அவளுக்கு வால்தான் தெரியும். இறக்கை மேலே போனபிறகு அதை உள்ளேயிருந்து ஒரு தடவை பார்க்க வேண்டும், அதுவும் எல்லாரும் பார்த்த பிறகு பார்க்க முடியாது, முதலில் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அதற்கப்புறம் அவளைக் கூட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் பற.

சேலையோடு இறக்கைமேல் கால் வைத்து ஏற முடியாது என்று எனக்குத் தெரியும். நீல சல்வாரை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். முட்டிக்கு மாட்டுகிற உறையும் எடுத்து வைத்தாயிற்று. ஸ்பாஞ்சைப் பட்டுச் சேலைக்கு அடியிலிருந்து எடுத்து, பழைய தலையணை உறைக்குள் போட்டு, வாசலில் உன் ஷூ ரேக் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அது என்ன மூட்டை என்று அப்பா கேட்டால் உனக்குத் தெரியாது என்று சொல்.

இந்தக் கடிதத்தை, கிளம்புமுன் நீ திறந்து பார்க்கிற ஹெட்செட் பைக்குள் வைக்கப்போகிறேன். படித்து முடித்ததும் போனை வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்கு வா. வந்து கேள். நான் மறுபடியும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், வாய் அப்படிப் பழகிவிட்டது. முட்டி வலி என்பேன், வயசு என்பேன், அவளைக் கூட்டிக்கொண்டு போ என்றுகூடச் சொல்வேன். நீ சட்னி கேட்காதே. அங்கேயே நில்.

தமிழ் புரியவில்லை என்றால் நம் இரண்டு பேருக்கும் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ இரண்டு தட்டு என்று நினைத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போய்விட்டாய். நான் தட்டியது ஒன்றுதான்.

அம்மா